எனக்குத் தெரிந்த ஒருத்தி

போன வாரம் நம் பிரேக் அக்காவைக் கைதட்டலுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவள் அங்கேயேதான் நிற்கிறாள். கால் தரையில் பாவவே இல்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து சீட்டில் இவள் உட்கார்ந்திருப்பாள். இவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. தூரத்தில் நாய் எழுந்து சோம்பல் முறித்தாலே அமுக்கிவிடுவாள். பெயர் வந்த கதை அதுதான்.

நாற்பதைத் தாண்டிய பிறகு சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்புக்குச் சேர்ந்தாள். பாடம், இலக்கியம். "அதைப் படிச்சுட்டு என்ன பண்ணப் போற? கியருக்குக் கவிதை சொல்லவா?" என்று கேட்டவர் புருஷன், பிரிட்ஜ் மெக்கானிக். "அண்ணி படிக்கட்டும், வகுப்பு இருக்கற நாள்ல சமையலை நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னவள் நாத்தனார்.

நாத்தனாருக்கு வயது முப்பத்தெட்டு. வீட்டில் இன்னும் 'பாப்பா'தான். மருந்துக்கடை கவுன்டரில் வேலை. கட்டியவன் வேறொருத்தியோடு போய்விட, அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அழைத்து வந்த அன்றே மெக்கானிக் தங்கையிடம் ஒரு வாக்கு வாங்கினார். இனி அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. அவளும் கொடுத்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழுந்ததில்லை.

ஆனால் பிரேக் அக்கா ஒன்றைப் பார்த்திருந்தாள். புதிதாகப் பழகுகிறவர்களை மெயின் ரோட்டில் விட முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் அமைதியான தெருக்களில்தான் சுற்ற வைப்பாள். அதில் ஒரு தெருவில்தான் பாப்பா வாழ்ந்த வீடு இருந்தது. ஒரு லீவு நாளில் அந்த வழியாக வந்த பஸ்ஸில், ஜன்னலோரத்தில் பாப்பா. அடுத்த லீவு நாளிலும் பாப்பா. இறங்குவதில்லை. வீட்டைத் தாண்டும்போது முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். கடைசி ஸ்டாப் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவாள்.

அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. எத்தனையோ வருஷம் மூச்சு விடவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன வாரம் வகுப்பில் ஒரு கதை வாசித்தார்கள். போனவன் வருவான் என்று தினமும் கதவைத் தாழிடாமல் படுக்கிற பெண்ணின் கதை. "இது பைத்தியம்தான், வேற என்ன?" என்றார் செக்யூரிட்டி வேலை பார்க்கும் பெரியவர். பாதி வகுப்பு தலையாட்டியது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா" என்று ஆரம்பித்தாள். பஸ்ஸைச் சொன்னாள், ஜன்னல் சீட்டைச் சொன்னாள், கண்ணாடியில் ஒட்டிய முகத்தைச் சொன்னாள். அவமானத்தைத் தொட்டுப் பார்க்கத்தான் அவள் போகிறாள் என்று விளக்கமும் சொன்னாள். அவ்வளவு நன்றாகத் தன்னால் பேச முடியும் என்று அவளுக்கே தெரியாது. பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு கதையை இப்படித்தான் படிக்கணும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நாம் அங்கேதான் விட்டோம்.

இனி, இந்த வாரத்து ஒரு நாள்.

காலையில் அக்காவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் பாப்பா. கல்லூரியில் வாசிப்பு நாள். வீட்டு ஆட்களையும் கூட்டி வரலாம். "நீங்க ரெண்டு நிமிஷம் மேடையில பேசணும்" என்று பேராசிரியை அக்காவிடம் சொல்லியிருந்தார்.

லீவு நாள் என்றால் மதியத்துக்கு மேல் பாப்பாவுக்கு எப்போதும் ஒரு வேலை இருக்கும். என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. மெக்கானிக் கேட்காததற்குக் காரணம், அவருக்கு லீவு நாளில் தூக்கம் வரும். அக்கா கேட்காததற்குக் காரணம், அவளுக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்திருந்தாள்.

"இன்னிக்கு நான் ஒரு இடத்துக்குப் போகணும் அண்ணி" என்று இழுத்தாள் பாப்பா.

நீ வராமல் வேறு யார் வருவது, நீ இல்லாவிட்டால் நான் படித்தே இருக்க மாட்டேனே என்று அக்கா பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் போகாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தத் தெருவிலிருந்து ஒருநாளாவது இவளைப் பிடுங்கி வைத்தால் நல்லதுதானே என்றும் தோன்றியது. பாப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு சரி என்றாள்.

காலரின் மூலையைக்கூட விடாமல் நீவி நீவித் தேய்த்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு உள்ளே சுருக்கென்று ஒன்று குத்தியது. பெயரையா சொன்னேன், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி என்றுதானே சொன்னேன் என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கினாள். ஆனாலும் சட்டையைப் பாப்பா நீட்டியபோது அவளால் முகத்தைப் பார்த்து வாங்க முடியவில்லை.

மூன்று பேரும் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போனார்கள். ஓட்டியது அக்கா. கல்யாணமான புதிதில் மெக்கானிக் ஓட்ட, இவள் பக்கத்திலிருந்து நொடிக்கொரு தரம் பிரேக்கை அமுக்க, மனுஷன் கும்பிடு போட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தவர்தான். அதன் பிறகு தொட்டதே இல்லை.

கல்லூரியில் அவர்கள் வகுப்பறையையே அரங்கமாக மாற்றியிருந்தார்கள். மேசைகளைச் சுவரோரமாகத் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முன்னால் ஒரு மைக். பாப்பா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டாள். மெக்கானிக்கால் உட்கார முடியவில்லை. பின்னால் இருந்த தண்ணீர் குளிரூட்டி கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவர் என்ன கல்லா? எழுந்து போய் அதன் முதுகைக் கழற்ற ஆரம்பித்தார்.

இரண்டு பேர் பேசினார்கள். அடுத்து அக்கா. தான் தயார் செய்து வந்ததைத்தான் பேச நினைத்தாள். டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் கதை எதற்கு என்று ஆரம்பிப்பது அது. மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினாள். அதற்குள் பேராசிரியை உற்சாகமாக முன்னால் வந்தார்.

"அன்னிக்கு அந்த பஸ்ஸுல போற பெண்ணைப் பத்திச் சொன்னீங்களே, அதையே சொல்லுங்க. எல்லாரும் கேட்கட்டும்."

அக்காவின் வலது கால் தரையை அமுக்கியது. சத்தியமாக அமுக்கியது. தரையில் என்ன பிரேக் இருக்கிறது?

அவள் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியையே கூட்டத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். நல்ல மனுஷி. தன் மாணவி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருந்தார். விட்டுப் போனவன் வீட்டு வழியாக ஒவ்வொரு லீவு நாளும் பஸ்ஸில் போகிற பெண். இறங்குவதே இல்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொள்கிறாள். கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருகிறாள். அவமானத்தைத் தொட்டுப் பார்க்கப் போகிறாள்.

பாப்பாவின் கை, பையின் ஜிப்பைப் பிடித்திருந்தது. பாதியில் நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்துகொண்டே போனது.

அந்த நிமிஷம் அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை எதற்குக் கொடுத்தாள்? ஒரு கைதட்டலுக்கு. அதுவும் எப்படி? வீட்டுக்குப் போய் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாளே, பாப்பா ஆக்கி வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாளே. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"நிஜமாவே அப்படி ஒருத்தங்க இருக்காங்களா?" என்று கேட்டார் செக்யூரிட்டி பெரியவர். "யாரும்மா அது? உங்களுக்கு வேண்டியவங்களா?"

எல்லாத் தலையும் அக்காவின் பக்கம் திரும்பியது. ஒரு தலை மட்டும் குனிந்தே இருந்தது. அதை யாராவது பார்த்துவிட்டால்?

"வேற யாரும் இல்ல" என்றாள் அக்கா. "அது நான்தான்."

பின்னாலிருந்த குளிரூட்டி சரியாக அந்த நேரம் பார்த்துச் சத்தத்தை நிறுத்தியது. அதன் பக்கத்தில், ஸ்க்ரூ டிரைவரும் ஈரக் கையுமாக மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு கைதட்டினார்கள். சொல்லத் துணிச்சல் வேண்டும் என்று பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன வாரத்துக் கைதட்டலைவிட இது பெரிது. ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுவது போல வாங்கிக்கொண்டு நின்றாள் நம் அக்கா.

பாப்பா எழுந்து வெளியே போனாள். அக்கா பின்னாலேயே ஓடினாள். வராந்தாவின் கோடியில், கை கழுவும் இடத்தில், குழாயைத் திறந்துவிட்டுக் கையை நனைக்காமல் நின்றிருந்தாள் பாப்பா.

எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள். அக்கா சொன்னாள். ஒரு தரமா, பல தரமா என்று கேட்டாள். அதையும் சொன்னாள்.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே அண்ணி."

"உனக்கு சங்கடமா இருக்கும்னுதான் கேக்கல."

"ஓஹோ. வகுப்புல சொல்றதுக்கு சங்கடம் இல்லையா?"

மன்னிச்சுடு என்றாள் அக்கா. அந்த வார்த்தை அவள் காதுக்கே சொத்தையாகக் கேட்டது.

"சொன்னது போகட்டும். இப்ப எதுக்கு நான்தான்னு சொன்னீங்க?" பாப்பாவின் குரல் உயரவில்லை. "நீங்க தலையில போட்டுக்கிட்டு என்னைக் காப்பாத்தற அளவுக்கு நான் என்ன கேவலமான காரியம் பண்ணிட்டேன்?"

பாப்பா குழாயை மூடிவிட்டு நடந்தாள். நல்லது செய்துவிட்டோம் என்று அக்காவுக்கு உள்ளே ஓரமாக ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது அல்லவா, அதுவும் அதோடு போயிற்று.

காரின் பக்கத்தில் மெக்கானிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சாவியைக் கேட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார, அக்கா தன் பழைய பக்கத்து சீட்டுக்குப் போனாள். பாப்பா பின்னால்.

வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. மனிதருக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. அக்காவின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. இன்றைக்கு இவரை நிறுத்த எனக்கென்ன உரிமை என்று காலை இழுத்து சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டாள்.

"யாரு அவன்?" என்றார் மெக்கானிக்.

உண்மையைச் சொன்னால் பாப்பா மாட்டுவாள். வாக்கை மீறினாயா என்று இவர் குதிப்பார். சொல்லாவிட்டால் இந்த மனிதர் இத்தனை வருஷத்துக் குடித்தனத்தைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே இருப்பார். இரண்டுமே அக்காவின் வாயால் வந்த வினை.

"லீவு நாள்ல டிரெயினிங் டிரெயினிங்னு போவியே. அதுதானா?" அவர் குரல் தழுதழுத்தது. கோபத்தைக்கூடத் தாங்கியிருப்பாள். "நான் வீட்ல தூங்கிட்டு இருந்திருக்கேன்."

"அண்ணா, வண்டியை ஓரமா நிறுத்து."

நிறுத்தினார். பின் சீட்டிலிருந்து பாப்பா நிதானமாகச் சொன்னாள். "அந்த பஸ்ஸுல போறது நான். அண்ணி இல்ல."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. வந்ததற்கு அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், உடனே அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார். அவனைப் பார்க்கவா போகிறாய், எனக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆச்சு, உனக்கு மானம் ரோஷம் இல்லையா என்று அடுக்கினார். பாப்பா எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"அவனைப் பார்க்க நான் எதுக்குப் போகணும்? அவன் அந்த வீட்ல இல்லவே இல்ல. அவங்க அம்மாவையும் சேர்த்துத்தான் விட்டுட்டுப் போனான்."

அத்தைக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் வராமல் போய்விட்டதாம். மருந்து வாங்கக் கடைக்கு வந்த, அவரைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் ஒருத்தி சொல்லித்தான் பாப்பாவுக்கே தெரிந்ததாம். மகனோடு சண்டை வந்த ஒவ்வொரு நாளும் தன் பக்கம் நின்ற மாமியார் அவர். மாடி ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு அந்த நர்ஸ்தான் அவரை உட்கார வைப்பாளாம். அந்த நேரத்து பஸ்ஸுக்காகக் காத்திருப்பாராம்.

"வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு உனக்கு வாக்கு குடுத்திருந்தேன் இல்லையா? மிதிக்கல. பஸ்ஸுலயே போவேன். அவங்க வர்ற கையைத் தூக்குவாங்க. நானும் தூக்குவேன். அவ்வளவுதான்." பாப்பா மூச்சு வாங்கினாள். "இன்னிக்குத்தான் நான் போகல."

மெக்கானிக் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிக்னல் போட்டு, அக்கா சொல்லிக்கொடுப்பது போலவே கண்ணாடியைப் பார்த்து, வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.

அவமானத்தைத் தொட்டுப் பார்க்கப் போகிறாளாம். எவ்வளவு அழகாகச் சொன்னாள், எவ்வளவு உறுதியாகச் சொன்னாள். பஸ்ஸில் இருந்த முகத்தைத்தான் வாரா வாரம் பார்த்தாள். அந்த முகம் எதைப் பார்க்கிறது என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம் மாடியை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. எதிரே வரும் நாயைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. தெரியாததைத்தான் எல்லோர் முன்னாலும் விளக்கினாள். காதுக்குள் இன்னும் அந்தக் கைதட்டல் ஓடிக்கொண்டிருந்தது.

தெருவுக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொரு பள்ளமும் அக்காவுக்குப் பழக்கமான தெரு. வீட்டுக்கு எதிரே வண்டி நின்றது. அக்கா முதல் முறையாக மாடியைப் பார்த்தாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது.

"இதை மூடி நான் பார்த்ததே இல்ல" என்றாள் பாப்பா.

மெக்கானிக் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். அவள் இறங்காமல் அவரையே பார்த்தாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"வாக்கை வாங்கினது நான்தானே. நானே திருப்பிக் குடுக்கறேன், இறங்கும்மா" என்றார்.

அக்காவும் அவசரமாக சீட் பெல்ட்டைக் கழற்றினாள். ஏதாவது ஒன்று செய்யக் கிடைத்தால் போதும் என்று இருந்தது. ஓடி ஆடி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எதையாவது. கதவில் கை வைத்தாள். பாப்பா வெளியே இருந்து குனிந்து அந்தக் கதவை மெதுவாகத் தள்ளிச் சாத்தினாள்.

"நீங்க வண்டியிலயே இருங்க அண்ணி." முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "உள்ள எப்படி இருக்கோ தெரியல. நீங்க பார்த்துட்டா, அப்புறம் எங்கயாவது சொல்லணும்னு தோணும்."

அண்ணனும் தங்கையும் தெருவைக் கடந்தார்கள்.

அக்கா பெல்ட்டை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டாள். நிற்கிற வண்டியில் எதற்குப் பெல்ட் என்று அவளுக்கே தெரியவில்லை. எதிர்ப்பக்கச் சுவரில் பெயின்ட் உரிந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அழைப்பு மணி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் அடித்தது. உள்ளேயிருந்து யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம். தாழ்ப்பாள் விலகியது.

"நீங்களா?" என்றாள் பாப்பா.

தலையை லேசாகத் திருப்பினால் போதும், யார் என்று தெரிந்துவிடும். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.